இடும்பன் இறக்கி வைத்த சுமை

வணக்கம் ஐயா,

எனக்குக் கொடைக்கானல். நாயுடுபுரத்துக்குப் பக்கத்தில் வீடு. இப்போது கோவையில் வேலை பார்க்கிறேன். உங்கள் கட்டுரைகளைக் கல்லூரி நாட்களிலிருந்து படித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் தங்கை போன ஐப்பசியில் இறந்துபோனாள். 19 வயது. பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். அம்மாவுக்கு வலி எடுத்த ராத்திரி நல்ல மழை. மலைப்பாதையில் மரம் விழுந்து வண்டி நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் நேரமாகிவிட்டது, குழந்தையின் மூளைக்கு ஆக்சிஜன் போகவில்லை என்று டாக்டர் சொன்னாராம். அவள் நடந்ததில்லை, பேசியதில்லை. காலையில் அம்மா தேங்காய் எண்ணெயை வெதுவெதுப்பாகச் சூடுபண்ணித் தொட்டு, மூடியே கிடக்கும் அவள் கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிடுவார். உள்ளே மடங்கியிருக்கும் கட்டைவிரல்தான் கடைசியாக வரும். கேப்பைக் கஞ்சியை ஒரு ஸ்பூன் ஊட்டிவிட்டு, அவள் விழுங்கும்வரை தொண்டையை நீவிக்கொண்டே இருப்பார். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

அப்பா காய்கறி மண்டியில் லோடுமேன். தைப்பூசம் தவறாமல் அவளை முதுகில் கட்டிக்கொண்டு பழனிப் படியேறுவார். விஞ்சில் போகலாம் என்றால் கேட்கமாட்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவரும் போய்விட்டார். கடைசியாகப் பழனிக்குப் போனபோது, "நகருங்க, நகருங்க" என்று தள்ளுகிற கூட்டத்தில் அவளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். அவள் முருகனைப் பார்க்கவே இல்லை. தீபாராதனைச் சுடரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரியத்துக்கு வந்த பெரியப்பா, "போன ஜென்மத்து வினை, கழிஞ்சுது" என்றார். சித்தி, "வந்த வேலை முடிஞ்சுது, முருகன் கூப்பிட்டுக்கிட்டான்" என்றார். எங்கள் தெருவில் இருக்கும் கன்னியாஸ்திரி சிஸ்டர் ஒருவர், பார்வையில்லாமல் பிறந்தவனைப் பற்றி பைபிளிலிருந்து வாசித்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். கோவையில் என் ரூம்மேட், "வாழ்க்கைக்கு நோக்கமே கிடையாதுடா. நாம தற்செயலா வந்தவங்க. அதை ஒத்துக்கிட்டா வலி குறையும்" என்கிறான்.

'மனித வாழ்வு இறைவனிடமிருந்து வருகிறது, இறைவனுக்காகவே இருக்கிறது' என்று நீங்கள் ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். என் கேள்வி ஒன்றுதான். என் தங்கை எதற்காக வந்தாள்? அவளால் என்ன ஆயிற்று? அம்மா இப்போது குறிஞ்சி ஆண்டவர் கோயில் பக்கமே போவதில்லை. அவரிடம் நான் என்ன சொல்ல?

கே., கொடைக்கானல்

*

அன்புள்ள தம்பி,

பெரியப்பா, சித்தி, சிஸ்டர், ரூம்மேட் நான்கு பேருமே உங்கள் வீட்டின் மேல் உள்ள பிரியத்தில்தான் பேசியிருக்கிறார்கள். ஆனால் பிரியத்தில் சொன்னதாலேயே ஒரு பேச்சு சரியாகிவிடாது. சித்தி சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நான் எழுதிய அந்த வாக்கியத்தையும் அநேகம் பேர் அப்படித்தான் படிக்கிறார்கள்.

"வந்த வேலை முடிந்தது" என்பது நம் பக்கத்துச் சாவு வீடுகளில் சகஜமாக விழும் பேச்சு. பேரன் பேத்தி எடுத்து, காடுகரையை ஒழுங்குபண்ணி வைத்துவிட்டுப் போன பெரியவரைப் பற்றிச் சொன்னால் அது ஆறுதல். உங்கள் தங்கையைப் பற்றிச் சொன்னால் உடனே கேள்வி முளைக்கிறது: என்ன வேலை? ஒரு வேலையைக் கொடுத்துத்தான் கடவுள் மனிதனை அனுப்புகிறார், முடித்ததும் திரும்பக் கூப்பிட்டுக்கொள்கிறார் என்றால், விரலைப் பிரிக்கக்கூட இன்னொருவர் கை வேண்டியிருந்த பெண்ணை எந்த வேலைக்கு அனுப்பினார்? இந்தக் கணக்கில் அவளுடைய 19 வருஷமும் சைபராகத்தான் வரும். அவள் மட்டுமா? நினைவு தப்பிய கிழவி, தொட்டிலிலேயே போன சிசு, வருஷக்கணக்கில் படுக்கையோடு கிடப்பவர் எல்லோரும் இதில் தோற்றவர்கள்தான். இத்தனை பேரைத் தோற்கடிக்கிற கணக்கு கடவுளுடைய கணக்காக இருக்க முடியாது.

வாழ்வின் மூலமும் நோக்கமும் கடவுளே என்றால், அவர் முதலாளி நாம் கூலியாட்கள் என்று பொருளில்லை. நேர் எதிராகவே சொல்கிறேன். நோக்கம் அவர் என்றால், நம் வேலை நோக்கமில்லை. எதைச் செய்து முடித்தோம் என்பதில் ஒரு வாழ்வின் பயன் நிற்கவில்லை. யாரிடமிருந்து வந்தோம், யாரிடம் போய்ச் சேர்கிறோம் என்பதில் நிற்கிறது.

இதற்காகப் பெரிய நூல்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. உங்கள் அப்பா மகளை முதுகில் கட்டிக்கொண்டு ஏறிய அதே படிப்பாதையில் இடும்பன் சந்நிதி இருக்கிறது. அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் ஆண்டவரைக் கும்பிடப் போவது வழக்கம். ஒரு மூதாட்டியை அந்தப் பாதையில் பார்த்திருக்கிறேன். ஒரு கை முழங்காலில், இன்னொரு கையில் மஞ்சள் குழைத்த கிண்ணம். ஒவ்வொரு படியிலும் பக்கவாட்டில் உட்கார்ந்து, மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, ஒரு வில்லை சூடம் கொளுத்தி, அது அணைந்த பிறகுதான் எழுந்து அடுத்த படிக்குப் போனார். இடும்பனிடம் வந்ததும் மீதியிருந்த சூடத்தில் பாதியை அங்கேயே வைத்துவிட்டார். மலைமேல் இருப்பவருக்கு இருக்கட்டும் என்று மிச்சம் பிடிக்கவில்லை.

இடும்பன் அங்கே ஏன் இருக்கிறான்? கதை உங்களுக்குத் தெரியும், ஆனால் இந்தக் கேள்வியோடு இன்னொரு தடவை கேளுங்கள். சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு குன்றுகளைப் பொதிகைக்குக் கொண்டுவரும்படி அகத்தியர் அவனுக்குச் சொல்லியிருந்தார். தண்டு ஒன்றில் இரண்டு பக்கமும் குன்றுகளைக் கட்டித் தோளில் வைத்துத் தூக்கி வந்தான். பழனி அடிவாரத்து ஆவினன்குடியில் களைப்பாற இறக்கி வைத்தான். திரும்பத் தூக்கப் பார்த்தால் அசையவில்லை. மேலே பார்த்தால் கோவணம் கட்டிய சிறுவன் ஒருவன் நிற்கிறான். மலை எனக்குச் சொந்தம் என்கிறான். சண்டை வருகிறது. இடும்பன் விழுந்து சாகிறான். மனைவி இடும்பி அழுது மன்றாட, அகத்தியரும் வேண்ட, முருகன் எழுப்பிவிடுகிறான். எழுந்தவன் கேட்ட வரம் இரண்டு. நான் உன் வாசலில் காவல் நிற்க வேண்டும். என்னைப் போலத் தோளில் சுமந்து வருகிறவர்களுக்கு நீ அருள வேண்டும்.

கவனித்தீர்களா, ஒப்படைத்த வேலையை இடும்பன் முடிக்கவே இல்லை. பொதிகைக்கு ஒரு பிடி மண்கூடப் போய்ச் சேரவில்லை. வேலைக் கணக்குப்படி பாதி வழியில் சுமையைப் போட்டுவிட்டவன் அவன். ஆனால் தமிழ்நாட்டில் காவடி எடுக்கிற ஒவ்வொரு தோளும் அவன் தோளைத்தான் நினைத்துக்கொள்கிறது.

இனி மேலே நிற்பவரைப் பாருங்கள். உலகத்தை முதலில் சுற்றி வருகிறவனுக்குப் பழம் என்றார்கள். மயிலேறி உலகம் முழுவதையும் சுற்றி வந்தது முருகன்தான். சொன்ன வேலையைச் சொன்னபடி, மிச்சமில்லாமல் செய்தவன். திரும்பி வந்தால் பழம் அண்ணன் கையில். அம்மையப்பரைச் சுற்றி வந்தவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கோபத்தில்தான் எல்லாவற்றையும் உதறிவிட்டு ஒரு கோவணத்தோடும் தண்டத்தோடும் அந்த மலையில் வந்து நின்றான்.

வேலையை முடிக்காதவனுக்கு வாசல் கிடைத்தது. முழுசாக முடித்தவனுக்குப் பழம் கிடைக்கவில்லை. வேலைக்கும் கூலிக்கும் கணக்கு நேராகாத மலை பழனி மலை. ராஜ அலங்காரத்தைக் கண் நிறையப் பார்க்கிறோம். அதைக் களைந்தால் உள்ளே இருப்பது கையில் ஒன்றுமில்லாத ஆண்டி. அவனுக்கு முன்னால் போய், ஒன்றும் செய்ய முடியாதவள் எதற்குப் பிறந்தாள் என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

சாத்திரமும் வேறு மாதிரி சொல்லவில்லை. 13-ம் நூற்றாண்டில் மெய்கண்டார் தம் சிவஞான போதத்தின் முதல் சூத்திரத்திலேயே, உலகம் எவனிடத்தில் ஒடுங்குகிறதோ அவனிடமிருந்துதான் தோன்றுகிறது என்று வைத்துவிடுகிறார். முடிவாக இருப்பவனே தொடக்கம். இதில் ஒரு நுட்பம் உண்டு, அவசரத்தில் நாம் தாண்டிப் போய்விடுவது. சைவ சித்தாந்தத்தின்படி இறைவன் உயிரைச் செய்யவில்லை. உயிரும் அவனைப் போலவே தொடக்கம் இல்லாதது. ஆணவ இருளில் தான் இருப்பதே தெரியாமல் கிடந்த உயிருக்கு அவன் உடம்பையும், கருவிகளையும், உலகத்தையும், அதில் அனுபவத்தையும் கொடுக்கிறான். தனக்கு ஏதோ ஆக வேண்டும் என்று கொடுக்கவில்லை, அவனுக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. சிஸ்டரின் வேதத்தில் இது இப்படி இல்லை, அங்கே உயிரும் அவர் படைப்பே. இரண்டையும் இழுத்து ஒட்டவைக்க எனக்கு ஆசை இல்லை. ஆனால் மனிதனைப் பயன் கருதிச் செய்த கருவியாகப் பார்க்கக் கூடாது என்பதில் இரண்டும் ஒரே பக்கம் நிற்கின்றன.

அடுத்த நூற்றாண்டில் அதே சித்தாந்த மரபில் வந்த உமாபதி சிவம் இந்த உடம்பை, விடியும்வரை எரிகிற விளக்கு என்றார். உடம்பைப் பற்றி நம் மொழியில் சொன்னவற்றில் எனக்கு மிகவும் வேண்டியது இதுதான். விளக்கு விடியலைக் கொண்டுவருவதில்லை. விடியல் தானாக வரும், அதுவரைக்கும் இருட்டில் துணை. திரி தடித்த விளக்கு சீக்கிரம் விடிய வைக்கும், சிறு திரி தாமதமாக்கும் என்று யாரும் சொல்லமாட்டோம். உங்கள் தங்கைக்குக் கிடைத்த வெளிச்சம் கொஞ்சம்தான். அவளுக்கு விடிகிற விடியல் நமக்கு விடிவதைவிடக் குறைந்தது என்று அதனால் ஆகாது.

பெரியப்பா சொன்ன வினைக்கு வருகிறேன். சித்தாந்தத்தில் வினை உண்டு, இல்லை என்று நான் மழுப்பமாட்டேன். ஆனால் அதை யார், எப்போது, யாரைப் பற்றிச் சொல்லலாம்? சூலை நோயில் குடல் துடக்கி முடக்கியபோது திருவதிகை வீரட்டானத்தில் அப்பர் பாடிய முதல் வரி, "கூற்றாயினவாறு விலக்ககிலீர், கொடுமைபல செய்தன நான் அறியேன்." தன் வலியைப் பற்றி, தன் வாயால், தன் ஆண்டவனைப் பார்த்துச் சொன்னது. நீ விலக்கவில்லையே என்ற முறையீடு முதலில் வருகிறது, நான் என்ன கொடுமை செய்தேனோ தெரியவில்லையே என்பது பிறகு வருகிறது. நோயாளியின் தலைமாட்டில் நின்றுகொண்டு, நீ செய்த வினை என்று அப்பர் இன்னொருவரைச் சொல்லவில்லை. வினை என்பது ஒருவன் தன்னைப் பார்த்துக்கொள்வதற்குச் சொன்னது. அதை எடுத்துப் பெற்றவள் மேல் எறிவதற்கு எந்த நாயன்மாரும் உரிமை கொடுக்கவில்லை. உங்கள் தங்கையின் உடம்புக்குக் காரணம் கேட்டால், மூளைக்கு ஆக்சிஜன் போகவில்லை என்று டாக்டர் சொன்னதே காரணம். மரம் விழுந்தது, நேரமாகிவிட்டது. மரம் விழுந்ததை அருள் என்று சொல்ல என் வாய் எழாது. தண்டனை என்று சொல்லவும் எழாது. இனி யாராவது அம்மா முன்னால் வினைப் பேச்சை எடுத்தால், வயதில் பெரியவர் என்று பார்க்காமல் நிறுத்தச் சொல்லுங்கள். பெரியப்பாவிடம் நாலு பேர் முன்னால் வேண்டாம், தனியாகப் போய்ச் சொல்லுங்கள். கேட்டுக்கொள்வார்.

சிஸ்டர் வாசித்தது யோவான் நற்செய்தியின் 9-ம் அதிகாரமாக இருக்கும். பார்வையில்லாமல் பிறந்தவனைப் பார்த்துச் சீடர்கள், இது இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று கேட்கிறார்கள். இவனும் இல்லை, பெற்றோரும் இல்லை என்று இயேசு அந்தக் கேள்வியையே தள்ளிவிடுகிறார். கடவுளின் செயல் இவனிடம் வெளிப்பட வேண்டும் என்று அடுத்து வருவதை எடுத்துக்கொண்டு, ஊனமுற்றவர்களைக் கடவுள் காட்சிக்கு வைத்திருக்கிறார் என்பதுபோலச் சிலர் பேசுவார்கள். அவர்கள் அதே அதிகாரத்தின் பின்பகுதியையும் வாசிக்க வேண்டும். பார்வை வந்தபிறகு அந்த மனிதனை ஊர்ப் பெரியவர்கள் விசாரித்து, வைது, வெளியே தள்ளிவிடுகிறார்கள். அவன் தள்ளப்பட்டான் என்று கேள்விப்பட்டதும் இயேசு அவனைத் தேடிக் கண்டுபிடிக்கிறார். காட்சிப் பொருளாக வைத்திருந்தால் காரியம் முடிந்தபிறகு ஏன் தேடிப் போக வேண்டும்? அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சிஸ்டருக்கு இது தெரிந்திருக்கிறது. நால்வரில் அதிகம் பேசாதவர் அவர்தான்.

உங்கள் ரூம்மேட்டிடம் எனக்குச் சண்டை இல்லை. உயிர் எப்படிப் படிப்படியாக வந்தது என்று அறிவியல் சொல்வதை நானும் ஏற்றுக்கொண்டவன். உங்கள் ஊர்ச் சூரிய ஆய்வகம் 1899-ல் தொடங்கியது. 1909-ல் அங்கேதான் ஜான் எவர்ஷெட் சூரியனின் ஒளியைப் பிரித்துப் பார்த்து, கரும்புள்ளியின் ஓரத்தில் வாயு மையத்திலிருந்து வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். எப்படி என்ற கேள்விக்கு அப்படி ஒரு துல்லியமான பதில் நம் மலையிலிருந்து போயிருக்கிறது, பெருமைதான். அந்த நிறப்பிரிகைக் கருவியைக் கொண்டு, சூரியன் யாருக்காக என்று அவர் கேட்கவில்லை. கருவி அதைச் சொல்லாது என்பதால் கேள்வி பொய்யாகிவிடுமா? நோக்கம் இல்லை என்று சொல்வதும் ஆய்வகத்தில் கண்ட முடிவு இல்லை. அதுவும் ஒரு நம்பிக்கை. அதை ஒத்துக்கொண்டால் வலி குறையும் என்கிறார். இருபது வயதுகூட ஆகாத தங்கையைப் பறிகொடுத்தவனுக்கு வலி குறைவது ஒன்றுதான் வேண்டியிருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் அதைக் கேட்டு எனக்கு எழுதவும் இல்லை.

நீலகிரித் தோடர்களின் கதை ஒன்று இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1906-ல் வெளியிட்ட நூலில் அதைப் பதிந்திருக்கிறார். அவர்களின் தெய்வம் மண்ணுக்குள்ளிருந்து எருமைகளை ஒவ்வொன்றாக வெளியே வரவழைத்ததாம். கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவன்தான் முதல் தோடன். உலகத்தை ஆள வந்தவனாகவோ ஒரு காரியத்தை முடிக்க வந்தவனாகவோ அவர்கள் தங்கள் முதல் மனிதனைச் சொல்லவில்லை. இழுத்து வரப்பட்டவன், பிடித்துக்கொண்டு வந்தவன். பால்மடத்தையே கோயிலாகக் கொண்ட ஒரு கூட்டம் தன் பிறப்பைப் பற்றி இவ்வளவு அடக்கமாகப் பேசுவதைப் படித்தபோது எனக்கு மனம் நிறைந்தது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம், அவள் முருகனைப் பார்க்காமல் சுடரைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது. அதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள்.

தில்லையில் ஆடுகிறவனைப் பார்த்து அப்பர் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். குனித்த புருவத்தையும், குமிண்சிரிப்பையும், எடுத்த பொற்பாதத்தையும் காணக் கிடைத்தால் "மனித்தப் பிறவியும் வேண்டுவதே இந்த மாநிலத்தே" என்றார். இனிப் பிறவியே வேண்டாம் என்று கேட்கிற மரபில் நின்றுகொண்டு, இதற்காக மனிதனாகப் பிறக்கலாம் என்கிறார். எதற்காக? காண்பதற்காக. கோயில் கட்டுவதற்காக இல்லை, ஊரைத் திருத்துவதற்காக இல்லை. இத்தனைக்கும் உழவாரப் படையைத் தோளில் போட்டுக்கொண்டு கோயில் கோயிலாகப் புல் செதுக்கிய மனிதர் அவர். வேலையின் அருமை தெரிந்தவர். அப்படிப்பட்டவர் பிறவியின் பயனாக வேலையைச் சொல்லாமல் காட்சியைச் சொன்னார்.

உங்கள் தங்கை அன்று கண்டாளா? கூட்டத்தில் தள்ளுப்பட்டுக்கொண்டு, வாட்சைப் பார்த்துக்கொண்டு, பஸ் கிளம்பிவிடுமோ என்ற கவலையோடு நிற்கிற நாம் காண்கிறோமா? அவளுக்கு எட்டிய வெளிச்சத்தை அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். அங்கே காட்டப்பட்ட சுடர் யாருக்குக் காட்டப்பட்டதோ அவரைவிட்டு வேறாக இல்லை. அறிவு குறைந்தவளுக்கு அருள் எட்டாது என்று சொல்ல வேண்டுமானால், நமக்கு எட்டியது நம் அறிவால்தான் என்று முதலில் நிரூபிக்க வேண்டும். சித்தாந்தம் அதை ஒத்துக்கொள்ளாது. உயிருக்கு உயிராக உள்ளே நின்று அவன் காட்டினால்தான் எந்த உயிரும் காணும். பட்டம் வாங்கியவனுக்கும் அப்படித்தான், உங்கள் தங்கைக்கும் அப்படித்தான். முருகன் தனக்குச் சொன்ன உபதேசமாக அருணகிரிநாதர் சொல்வதும் "சும்மா இரு சொல்லற" என்பதே. இதை வைத்து, பேச்சில்லாத உங்கள் தங்கை ஒரு ஞானி என்று நான் சொல்ல வரவில்லை. அவள் தலையில் அந்தக் கிரீடம் வேண்டாம். அவள் ஒரு பெண். பசித்திருப்பாள், வலித்திருப்பாள், எண்ணெய்க் கை படும்போது சுகமாக இருந்திருக்கும். ஞானியாக்கித்தான் அவள் வாழ்வுக்குப் பொருள் காண வேண்டும் என்றால், மறுபடியும் ஒரு சாதனையைக் கேட்கிறோம் என்று ஆகிவிடும்.

இன்னொரு ஆறுதலையும் உங்களிடம் பலர் சொல்வார்கள், ஏற்கெனவே சொல்லியிருக்கலாம். அவள் வந்ததால்தான் உங்களுக்கெல்லாம் இரக்கம் வந்தது, பொறுமை வந்தது, அதற்காகத்தான் கடவுள் அவளை அனுப்பினார் என்பார்கள். இரக்கம் வந்திருக்கும், உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் அதற்காக அவளை அனுப்பினார் என்பதை நான் முழுப் பலத்தோடு மறுக்கிறேன். உங்களுக்குப் பாடம் நடத்துவதற்காக ஒரு பெண்ணை 19 வருஷம் முடக்கிப் போடுகிற கடவுளை நான் கும்பிடமாட்டேன். அவள் உங்களுக்காக வந்தவள் இல்லை. அவள் அவனுக்காக வந்தவள். நீங்களும் அப்படித்தான், அம்மாவும் அப்படித்தான். ஒரே இடத்திலிருந்து வந்து ஒரே இடத்துக்குப் போகிறவர்கள் ஒரே வீட்டில் கொஞ்ச காலம் இருந்தீர்கள். அதில் ஒருத்தியைத் தூக்க வேண்டியிருந்தது, தூக்கினீர்கள்.

அப்பர் திருக்கடம்பூரில் பாடியதை எல்லோரும் பாதியாகத்தான் சொல்கிறார்கள். "என்கடன் பணிசெய்து கிடப்பதே" என்று மேடையில் முழங்குவார்கள், அலுவலகச் சுவரில் எழுதி வைப்பார்கள். அதற்கு முந்தைய வரி, "தன்கடன் அடியேனையும் தாங்குதல்." தாங்குவது அவன் கடன், அது முதலில் வருகிறது. பணி செய்வது என் கடன், அது பிறகு வருகிறது. பணி செய்ய முடியாமல் போனால் முதல் வரி அழிந்துவிடாது. உங்கள் தங்கையின் வாழ்வு முழுக்க முழுக்க அந்த முதல் வரியில் நடந்தது. அவள் பங்குக்கு இரண்டாம் வரி இல்லை. நம்மில் யாருக்குமே பிறந்தபோது இல்லை, கடைசியில் இருக்கப்போவதும் இல்லை.

அவளால் என்ன ஆயிற்று என்று கேட்டீர்களே தம்பி, அவள் இருந்தாள். கடவுளிடமிருந்து வந்து, கடவுளால் தாங்கப்பட்டு, கடவுளிடம் போனாள். மனித வாழ்வுக்கு நோக்கம் என்று நான் நம்புவது அவ்வளவுதான். உங்கள் வாழ்விலும் என் வாழ்விலும் அதற்குமேல் வருவதெல்லாம் உபரி. ஒன்று கேட்க வேண்டும். கடிதம் முழுவதும் தங்கை, அவள் என்றே எழுதியிருக்கிறீர்கள். பெயர் ஓரிடத்திலும் இல்லை. எனக்குத் தனியாக எழுதும்போது பெயரை எழுதுங்கள்.

அம்மா விஷயம். இந்தப் பதிலை அவரிடம் வாசித்துக் காட்ட வேண்டாம். மெய்கண்டாரும் உமாபதி சிவமும் இப்போது அவருக்கு வேண்டாம். அந்தக் கோயிலுக்கு ஏன் போவதில்லை என்றும் கேட்காதீர்கள். குறிஞ்சி ஆண்டவர் கோயில் 1936-ல் எழும்பியது. மேல்நாட்டில் பிறந்து, நம் சமயத்தைத் தழுவி, இலங்கை சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்த லீலாவதி அம்மையார் கட்டியது. எங்கிருந்தோ வந்த ஒருத்தருக்கு அங்கே முருகன் இருந்தான் என்றால், தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற உங்கள் அம்மாவை அவன் மறந்துவிடமாட்டான். அவசரம் இல்லை.

அம்மா முருகனைத் திட்டினால் திட்டட்டும். வீட்டில் யாரும், சாமியைச் சொல்லாதே, பாவம் என்று வாயை மூட வேண்டாம். கண்ணிழந்த சுந்தரர் திருவாரூரில் போய் நின்று, உமக்கே மீளா அடிமையாய் வேறு யாரையும் வேண்டாமல் இருப்பவர்கள் இப்படி வாடி நின்றால், நீர் நன்றாக "வாழ்ந்துபோதீரே" என்று பாடினார். தமிழில் இதைவிடக் கடுமையாகச் சாமியை ஏசிய பாட்டு குறைவு. அதைத் தேவாரத்திலிருந்து யாரும் எடுத்துவிடவில்லை, இன்றும் ஓதுவார்கள் பாடுகிறார்கள். இறைவனை விட்டு விலகியவர் ஏசமாட்டார், பேசாமல் இருந்துவிடுவார். அம்மா பேசாமல் இருக்கிறார் என்பதுதான் எனக்குக் கவலை. அதனால் தங்கையைப் பற்றி அவரிடம் பேச்சுக் கொடுங்கள். எண்ணெய் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும், கஞ்சி எந்தப் பதத்தில் இருந்தால் அவள் துப்பமாட்டாள், எந்தச் சத்தத்துக்குத் திரும்புவாள் என்று கேளுங்கள். அது உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். சொல்லும்போது அழுவார், கோபப்படுவார், அப்போது முருகன் பெயரும் ஏதோ ஒரு விதத்தில் வரும்.

தைப்பூசத்துக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டிலிருந்து பழனி 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், காலையில் கிளம்பினால் சாயங்காலம் திரும்பிவிடலாம். 1966-லிருந்து விஞ்ச் ஓடுகிறது, 2004-லிருந்து ரோப் காரும் ஓடுகிறது. அப்பா மறுத்ததற்கு அவருக்கு ஒரு காரணம் இருந்தது, அம்மாவின் முழங்காலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர் மேலே போகட்டும். நீங்கள் படியில் ஏறி, இடும்பனிடம் நின்றுவிட்டுப் போங்கள். பூசக் கூட்டம் வேண்டாம் என்று அம்மா சொன்னால் மாதக் கார்த்திகைக்குப் போகலாம். எதற்குமே வர மறுத்தால் விட்டுவிட்டு, அடுத்த கார்த்திகைக்கு மறுபடியும் கூப்பிடுங்கள்.

அன்புடன்.